பைபிளில் பெயரில்லாத தேவதூதர்: வாசகர் வட்டத்தில் எழுந்த ஒரு சர்ச்சை

பின்னணி

எங்கள் நூலக வாசகர் வட்டத்தில் மேல்வகுப்பு மாணவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், பெரியவர்கள் சிலர் என்று கலந்துதான் உட்காருவோம். ஒருங்கிணைப்பு என் பொறுப்பு. பிலிப் புல்மன் எழுதிய 'ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்' நாவல் வரிசையைப் பிள்ளைகள்தான் கேட்டு வாங்கினார்கள். 2019 முதல் 2022 வரை வந்த தொலைக்காட்சித் தொடரைச் சிலர் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். 1995இல் வெளியான முதல் நாவலிலிருந்து தொடங்கி, 2000இல் வந்த மூன்றாவது நாவலுக்கு வந்து சேர்ந்தபோதுதான் இந்தச் சர்ச்சை எழுந்தது.

மூன்றாவது நாவலில்தான் மெட்டட்ரான் வருகிறார். சொர்க்கத்தை ஆள்பவர் முதுமையில் தளர்ந்துபோக, அவர் பெயரால் அதிகாரம் முழுவதையும் கையில் வைத்திருக்கும் தேவதூதர் இவர். நேரில் வருவதற்கு வெகு முன்பே அவரைப் பற்றிய பயம் கதைக்குள் பரவிவிடுகிறது. ஒரு காலத்தில் இவர் மனிதராக இருந்தவர், அப்போது இவர் பெயர் ஏனோக்கு, யாரேத்தின் மகன் என்று நாவல் சொல்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. மனிதர் எப்படித் தேவதூதர் ஆனார்? இதை நாவலாசிரியரே கற்பனை செய்தாரா, எங்கிருந்தாவது எடுத்தாரா? அன்றைய பேச்சு முழுக்க இதுதான்.

பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவர், எங்கள் கையெழுத்துப் பத்திரிகைக்கு இதைக் கட்டுரையாக எழுதித் தருவதாகச் சொன்னார்.

கவனித்தது

கட்டுரை வந்தது. கையெழுத்து அழகு, உழைப்பும் நிறைய. முதல் வரி இப்படி: 'மெட்டட்ரான் பைபிளில் வரும் மிகப் பெரிய தேவதூதர்.' தொடர்ந்து 72 சிறகுகள், 3,65,000 கண்கள், கடவுளின் எழுத்தர், நெருப்புச் சாட்டையால் அடிபட்டவர், 'மெட்டட்ரான் கனசதுரம்' என்ற வட்டங்களும் கோடுகளும் கொண்ட வரைபடம், அதை வீட்டில் மாட்டினால் கிடைக்கும் நன்மை என்று எல்லாம் ஒரே மூச்சில் அடுக்கப்பட்டிருந்தன. எந்தச் செய்தி எந்த நூலில் இருக்கிறது என்று ஓர் இடத்தில்கூட இல்லை. நாவலில் நடப்பதும் பழைய நம்பிக்கையில் உள்ளதும் ஒன்றோடொன்று கலந்துபோயிருந்தன.

வட்டத்துக்குத் தன் மகளோடு வரும் ஓர் அம்மா ஞாயிறு பள்ளி ஆசிரியை. எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். கட்டுரையை வாங்கி முதல் வரியைப் படித்ததும், "தம்பி, இந்தப் பேர் வேதாகமத்துல எங்கயும் கிடையாது. வசனம் காட்டு பாப்போம்" என்றார். தன் பழைய மொழிபெயர்ப்பில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் நல்ல தூதர்கள் மிகாவேலும் காபிரியேலும் மட்டுமே என்பதையும் சொன்னார். அவர் சொன்னது சரி. கத்தோலிக்கர் வைத்திருக்கும் தோபித்து நூலைச் சேர்த்தால் ரபேலும் வருவார், அவ்வளவுதான்.

பிறகு அவர் தன் மனதில் இருந்த பெரிய விஷயத்துக்கு வந்தார். கடவுளைக் கிழவராகக் காட்டி, அவர் தூதரைக் கொடுங்கோலராகக் காட்டும் நாவல் இது. அதைப் படிப்பதையே அவர் சகித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். அதன் மேல், இதெல்லாம் பைபிளில் உள்ளது என்று பிள்ளைகள் எழுதி ஊருக்குப் பரப்பினால் எப்படி? கட்டுரையை எடுத்துவிடுங்கள் என்றார். இன்னொரு பெற்றோர், நாவலையே நிறுத்திவிடலாம் என்றார்.

மாணவர் பக்கமும் நியாயம் இருந்தது. அவர் எதையும் புனையவில்லை. படித்ததைத்தான் எழுதியிருந்தார். ஆனால் அவர் படித்தவை பெரும்பாலும் தேவதூதர்களை அகரவரிசையில் அடுக்கும் பட்டியல்கள். 1967இல் வந்த கஸ்டவ் டேவிட்சனின் தேவதூதர் அகராதி அந்த வகையில் புகழ்பெற்றது. தேடித் தொகுத்த அருமையான நூல் அது. ஆனால் அகராதி என்ற வடிவத்தின் இயல்பே, ஆயிரம் ஆண்டு இடைவெளியில் வெவ்வேறு சமூகங்கள் சொன்னதை ஒரு பெயருக்குக் கீழே ஒரே பத்தியில் கொண்டுவந்து வைப்பது. அங்கிருந்து எடுத்தவர், அவரிடமிருந்து எடுத்தவர் என்று போகப் போக நூல்களின் பெயர்களும் உதிர்ந்துவிடுகின்றன.

எடுத்த முடிவும் காரணமும்

முன்னால் மூன்று வழிகள் இருந்தன. கட்டுரையை நீக்கலாம். 'பைபிளில்' என்ற ஒரு சொல்லை மட்டும் அடித்துவிட்டு வெளியிடலாம். அல்லது அந்த இதழிலிருந்து நிறுத்திவைத்து, ஒவ்வொரு வரியையும் அதன் மூலத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம்.

நீக்கியிருந்தால் டீச்சர் சொன்னது பாதி சரி, மாணவர் எழுதியது பாதி சரி என்பது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். பெயர் பைபிளில் இல்லை, ஆனால் ஆள் இருக்கிறார். ஒரு சொல்லை மட்டும் அடித்திருந்தால், வரைபடத்தை மாட்டினால் நன்மை என்பதும் பழைய மரபு என்றே அச்சாகியிருக்கும். எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஒரு நாவலாசிரியர் பழங்கதையிலிருந்து எதை எடுத்தார் என்பதைவிட, எதைத் திருப்பிப் போட்டார் என்பதில்தான் அவர் மனம் தெரியும். மூலம் தெரியாமல் திருப்பியது தெரியாது.

டீச்சரையும் தேடலில் சேர்த்துக்கொள்வது என்று முடிவுசெய்தோம். எதிர்ப்புத் தெரிவித்தவரைச் சமாதானப்படுத்துவதற்காக அல்ல. வேதாகமத்தை எங்களில் யாரையும்விட நன்றாக அறிந்தவர் அவர்தான். நாவலைத் தொடர்வதா என்ற கேள்வியைத் தனியாக வைத்துக்கொண்டோம். வர விருப்பமில்லாதவர் வராமல் இருக்கலாம், வட்டம் தொடர்ந்து படிக்கும் என்று சொல்லிவிட்டோம்.

தேடியதில் கிடைத்தது

ஆதியாகமம் 5ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்கினோம். மாணவரையே உரக்கப் படிக்கச் சொன்னார் டீச்சர். ஆதாம், சேத், ஏனோஸ், கேனான், மகலாலெயேல், யாரேத் என்று வரிசை போகிறது. ஒவ்வொருவரும் இத்தனை வருஷம் பிழைத்தார், பிள்ளைகளைப் பெற்றார், மரித்தார். ஒவ்வொரு தலைமுறையும் அதே சொல்லில் முடிகிறது. ஏழாவது பெயர் ஏனோக்கு. அவர் நாளெல்லாம் 365 வருஷம். மாணவர் பழக்கத்தில் 'மரித்தான்' என்று சொல்ல வாயெடுத்து நின்றார். அங்கே அந்தச் சொல் இல்லை. 'ஏனோக்கு தேவனோடே சஞ்சரித்துக்கொண்டிருக்கையில், காணப்படாமற்போனான். தேவன் அவனை எடுத்துக்கொண்டார்' என்று இருக்கிறது. வேறு விளக்கம் கிடையாது. மற்றவர்கள் எல்லாம் 700, 900 வருஷம் வாழ்ந்த பட்டியலில் இவர் 365 வருஷத்திலேயே எடுக்கப்பட்டுவிடுகிறார், ஏன் என்று அந்த அதிகாரம் சொல்வதில்லை. பின்னால் வந்த அத்தனை கதைகளும் அந்த மௌனத்திலிருந்துதான் கிளம்பியிருக்கின்றன.

வட்டத்தில் இருந்த ஒரு கல்லூரி மாணவி, "இவர் எங்களுக்கு இத்ரீஸ் நபி" என்றார். குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்தில் இத்ரீஸ் உயர்ந்த இடத்துக்கு உயர்த்தப்பட்டதாக வருகிறது. இஸ்லாமிய மரபில் பலர் இவரை ஏனோக்கோடு ஒன்றாகவே கருதுகிறார்கள். அங்கே இவர் நபி. தேவதூதராக மாறுவதில்லை.

அடுத்தது ஏனோக்கின் பெயரால் வழங்கும் முதல் நூல். முழுமையாக அது கிடைப்பது எத்தியோப்பியாவின் கீஸ் மொழியில்தான். எத்தியோப்பிய ஓர்தடாக்ஸ் திருச்சபைக்கு அது வேதநூல். ஐரோப்பாவுக்கு அதன் பிரதிகளை 1773இல் ஜேம்ஸ் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துப் பயணி கொண்டுவந்தார். ரிச்சர்ட் லாரன்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1821இல் வந்தது. நூல் எவ்வளவு பழையது என்ற சந்தேகத்துக்கு, சாக்கடல் அருகே கும்ரானில் 1952இல் கண்டுபிடிக்கப்பட்ட நான்காவது குகை பதில் கொடுத்தது. அங்கே கிடைத்த சுருள்களில் இந்த நூலின் அரமேயத் துண்டுகள் இருந்தன. ஆகவே இதன் பழைய பகுதிகள் இயேசுவின் காலத்துக்கு முந்தியவை.

அந்த நூலின் கதை இது. காவலர்கள் எனப்படும் தூதர்கள் 200 பேர் எர்மோன் மலையில் இறங்குகிறார்கள். மண்ணுலகப் பெண்கள் மேல் ஆசைப்பட்டு மணந்துகொள்கிறார்கள். ஆயுதம் செய்வதையும் கண்ணுக்கு மை தீட்டுவதையும் மனிதருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். அவர்கள் மேல் தீர்ப்பு வருகிறது. அதைக் கொண்டுபோய் அவர்களிடம் சொல்பவர் ஏனோக்கு. எங்களுக்காக நீ மன்றாடு என்று அவர்கள் ஏனோக்கிடம் கெஞ்சுகிறார்கள். தூதர்களுக்காக மனிதன் மனு எழுதும் இடம் அது. மனு மறுக்கப்படுகிறது.

இதைக் கேட்ட டீச்சர், யாரும் எதிர்பாராமல் பைபிளைத் திருப்பி, புதிய ஏற்பாட்டில் உள்ள யூதா நிருபத்தை எடுத்தார். 14, 15ஆம் வசனங்கள். ஆதாமுக்கு ஏழாம் தலைமுறையான ஏனோக்கு, ஆயிரமாயிரமான பரிசுத்தவான்களோடு கர்த்தர் வருகிறார் என்று முன்னறிவித்ததாக அங்கே இருக்கிறது. ஆதியாகமத்தில் ஏனோக்கு வாய் திறப்பதே இல்லை. அப்படியானால் இந்த வாக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். நாங்கள் கையில் வைத்திருந்த நூலின் முதல் அதிகாரத்திலேயே அது இருந்தது. பல வருஷமாகத் தான் பாடம் எடுத்த வசனம் இது என்று டீச்சர் சொன்னார். தேடலுக்கே திருப்புமுனையானது இந்த இடம்தான். அதைக் கண்டுபிடித்தவர் அவர்.

ஆனால் இதுவரை மெட்டட்ரான் என்ற பெயர் வரவில்லை. பழைய சிலாவிய மொழியில் காக்கப்பட்ட இரண்டாவது ஏனோக்கு நூலில், மிகாவேல் ஏனோக்கின் மண்ணுலக உடையைக் கழற்றி, எண்ணெய் பூசி, மகிமையின் உடையை உடுத்துகிறார். ஏனோக்கு தன்னைத்தானே பார்த்துக்கொள்கிறார், மற்றத் தூதர்களிலிருந்து தனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. அங்கேயும் பெயர் மாறவில்லை.

பெயரும் ஆளும் சேர்ந்து விரிவாகக் கிடைப்பது மூன்றாவது ஏனோக்கு எனப்படும் எபிரேய நூலில். ஹெகலோத் என்ற யூத மறைஞான மரபைச் சேர்ந்தது. ஹ்யூகோ ஓடெபெர்க் 1928இல் அதைப் பதிப்பித்து ஆங்கிலத்தில் தந்தார். ரபி (யூத மத குரு) இஸ்மவேல் மேலுலகம் போகிறார், மெட்டட்ரான் அவரிடம் தன் கதையைத் தானே சொல்கிறார்: நான்தான் யாரேத்தின் மகன் ஏனோக்கு. என் தசை சுவாலையானது, நரம்புகள் நெருப்பாயின, இமை மயிர் மின்னலானது. 72 சிறகுகளும் 3,65,000 கண்களும் இங்கேதான் வருகின்றன. ஆதியாகமத்தின் 365 வருஷம் எப்படி வளர்ந்திருக்கிறது என்று பிள்ளைகளே கண்டுகொண்டார்கள். ஏனோக்கு மேலே வரும்போது, பெண் வயிற்றில் பிறந்தவனின் வாடை இங்கே எப்படி என்று விண்ணவர் முகம் சுளிக்கிறார்கள். எல்லோருக்கும் கடைசியில் வந்து சேர்ந்தவர் என்பதால் அவர்கள் இவரை 'இளைஞன்' என்று கூப்பிடுகிறார்கள்.

நெருப்புச் சாட்டையைத் தேடி, யூத மதச் சட்டங்களும் விளக்கங்களும் கொண்ட தல்மூதுக்குப் போனோம். பாபிலோனிய தல்மூதில் மெட்டட்ரான் மூன்று இடங்களில் வருகிறார். ஹகிகா பகுதியில் உள்ளதுதான் நமக்கு வேண்டியது. அஹேர் என்று அழைக்கப்பட்ட எலிசா பென் அபுயா மேலுலகம் சென்றபோது, மெட்டட்ரான் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறார். இஸ்ரயேலின் நற்செயல்களை எழுதுவதற்காக உட்கார அவருக்கு அனுமதி இருந்தது. ஆனால் பார்த்தவர், வானத்தில் அதிகாரங்கள் இரண்டோ என்று நினைத்துவிடுகிறார். உடனே மெட்டட்ரானை வெளியே கொண்டுவந்து 60 நெருப்பு அடிகள் கொடுக்கிறார்கள். அஹேரைப் பார்த்தும் நீ ஏன் எழுந்திருக்கவில்லை என்பது குற்றச்சாட்டு.

இதை முதலில் படித்தபோது பிள்ளைகளுக்கு அநியாயமாகப் பட்டது. உட்காரச் சொன்னதும் அவர்கள்தானே! நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். அரியணை, கிரீடம், கடவுளின் பெயர் எல்லாம் கொடுத்து ஒருவரை உயர்த்திக்கொண்டே போனால் ஒரு நாள் அவரே கடவுள் என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்பது ரபிகளுக்குத் தெரிந்திருந்தது. அந்த அடி, பார்ப்பவர்களுக்காகப் போட்ட வேலி.

வரைபடத்துக்கு மட்டும் மூலம் இல்லை. இந்தப் பழைய நூல்கள் எதிலும் அப்படி ஒரு வடிவம் கிடையாது. அது நவீன ஆன்மிகப் பயிற்சிகளைச் சேர்ந்தது. மாணவர் அந்தப் பத்தியைத் தானே அடித்தார்.

நாவல் எங்கே விலகுகிறது

மூலங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி, பக்கத்தில் நாவலை வைத்துப் பார்த்தபோது மூன்று திருப்பங்கள் தெரிந்தன. (நாவலின் முடிவு இங்கே வருகிறது.)

முதலாவது, ஆசை. பழைய நூலில் பெண்கள் மேல் ஆசைப்பட்டவர்கள் காவலர்கள். அவர்களுக்குத் தீர்ப்பைச் சொன்னவர் ஏனோக்கு. புல்மனின் மெட்டட்ரானோ, மனிதனாக இருந்தபோது தனக்கு மனைவியர் பலர் இருந்ததை நினைப்பவர். கதாநாயகி லைராவின் தாய் திருமதி கோல்ட்டர் அந்தப் பலவீனத்தைப் பிடித்துத்தான் அவரைப் படுகுழியின் விளிம்புக்கு அழைத்துப்போகிறார். கோல்ட்டரும் லைராவின் தந்தை அஸ்ரியலும் சேர்ந்து மெட்டட்ரானோடு உள்ளே விழுகிறார்கள். காவலர்களின் குற்றத்தை எடுத்து, அவர்களைக் கண்டித்தவர் தலையிலேயே வைத்திருக்கிறார் நாவலாசிரியர். உடம்பை வெறுக்கும் அதிகாரம் உள்ளுக்குள் உடம்புக்கு ஏங்குகிறது என்பது இந்த வரிசை முழுவதும் ஓடும் எண்ணம். அதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான ஆள் அவருக்குக் கிடைத்திருக்க மாட்டார்.

இரண்டாவது, அந்த வேலி. ரபிகள் எதற்குப் பயந்து அடி கொடுத்தார்களோ, அது நாவலில் நடந்தே விடுகிறது. வானத்தில் இரண்டாவது அதிகாரம் உட்கார்ந்துவிட்டது, எழுப்ப ஆளில்லை. அஹேர் தவறாகப் பார்த்தார் என்கிறது தல்மூது. அவர் பார்த்தது மெய்யாக இருந்தால் என்ன ஆகும் என்று நாவல் கேட்கிறது. நான் இந்த வரிசையைப் பலமுறை வாசித்தவள். ஹகிகா பகுதியை அருகில் வைத்து வாசித்த பிறகுதான் மூன்றாவது நாவலின் துணிச்சல் முழுதாகப் பிடிபட்டது.

மூன்றாவது, எழுத்தர் வேலை போய்விட்டது. யூபிலி என்ற பழைய யூத நூலில் எழுத்தை முதலில் கற்ற மனிதர் ஏனோக்கு. ஒரு பழைய அரமேய மொழிபெயர்ப்பு ஆதியாகமத்தின் அந்த வசனத்திலேயே அவரை மெட்டட்ரான், பெரிய எழுத்தர் என்று சொல்லிவிடுகிறது. நாவலில் அவர் கையில் எழுதுகோல் இல்லை. ஆள்பவராகவும் போரிடுபவராகவும் மட்டுமே வருகிறார். இதை இழப்பு என்றே நினைக்கிறேன். மனிதர்களின் நல்லதை எழுதிவைக்கும் அந்த முகமும் இருந்திருந்தால் அவரது வீழ்ச்சி இன்னும் கனத்திருக்கும். மாணவர் இதை ஏற்கவில்லை. அந்த முகம் இருந்தால் அவர் மேல் இரக்கம் வந்து கதை திசைமாறிவிடும் என்றார். இரண்டு கருத்தும் கட்டுரையில் இருக்கின்றன.

ஆங்கிலக் கவிஞர் மில்ட்டனையும் பார்த்தோம். நாவல் வரிசையின் தலைப்பே அவருடைய 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தின் இரண்டாம் புத்தகத்திலிருந்து வந்தது என்பதால், மெட்டட்ரானும் அங்கிருந்துதான் வந்திருப்பார் என்று ஒருவர் சொல்லியிருந்தார். அந்தக் காவியத்தில் ஊரியல், ரபேல், மிகாவேல், அப்தியேல் எல்லாம் உண்டு, மெட்டட்ரான் இல்லை.

பின்னர் நடந்தது

கட்டுரை அடுத்த இதழில் வந்தது. முதல் வரி இப்போது 'ஏனோக்கு பைபிளில் இருக்கிறார், மெட்டட்ரான் என்ற பெயர் அங்கே இல்லை' என்று தொடங்குகிறது. ஒவ்வொரு செய்திக்கும் எந்த நூல், எந்தச் சமூகத்தின் நூல் என்று எழுதப்பட்டிருக்கிறது. யூதா நிருபம் பற்றிய பத்தியை டீச்சரே எழுதினார். ஒரு நிருபம் ஒரு நூலிலிருந்து மேற்கோள் காட்டுவதால் அந்த நூல் முழுவதும் வேதமாகிவிடாது என்ற தன் நிலையையும் அதில் தெளிவாக வைத்தார். அப்படியே வெளியிட்டோம்.

நாவல் பற்றிய அவர் கருத்து மாறவில்லை. கடவுளைப் பற்றி அது சொல்வது தவறு என்றே இன்றும் சொல்கிறார். மகள் தொடர்ந்து வருகிறார். நாவலை நிறுத்தச் சொன்ன இன்னொரு பெற்றோர் தன் மகனை அனுப்புவதை விட்டுவிட்டார். நாங்கள் போய்ப் பேசினோம். பயன் இல்லை. அந்தப் பையன் நன்றாக வாசிப்பவன், அவன் வராதது எனக்கு இப்போதும் வருத்தம்தான்.

கல்லூரி மாணவி இத்ரீஸ் நபி பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். ஒரு மரபில் நபியாகவே நிற்பவர் இன்னொரு மரபில் நெருப்பு உடம்பு கொண்ட தூதராவது ஏன் என்ற கேள்வியோடு அது முடிகிறது. விடை சொல்ல அவர் அவசரப்படவில்லை.

அடுத்த முறை மாற்றுபவை

கட்டுரை கேட்கும்போதே, ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் நூலின் பெயரை எழுதச் சொல்கிறோம். பெயர் தெரியாத தகவலுக்குக் கேள்விக்குறி போட்டால் போதும், அதை வட்டத்தில் சேர்ந்து தேடலாம். நாவலில் உள்ளதைக் கறுப்பு மையிலும் பழைய நூல்களில் உள்ளதை நீல மையிலும் எழுதும் வழக்கத்தைப் பிள்ளைகளே கொண்டுவந்தார்கள். சின்ன ஏற்பாடுதான். ஆனால் வரைவைப் பார்த்த மாத்திரத்தில் எது எங்கே கலக்கிறது என்று தெரிந்துவிடுகிறது.

மதத்தோடு தொடர்புள்ள கதைகளை எடுக்கும்போது, அந்தந்த வேதத்தை அறிந்தவர்களை முதல் கூட்டத்துக்கே அழைக்கிறோம். நாவல் என்ன சொல்கிறது என்பதைப் பெற்றோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். அப்புறம் தெரிந்து அதிர்ச்சியடைவதைவிட, முதலிலேயே வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு அவர்களுக்கு இருப்பது நல்லது.

மாணவர் இப்போது பாருக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நாவலில் மெட்டட்ரானின் சகோதரராக வரும் தூதர் அவர். பைபிளில் இந்தப் பெயர் எரேமியாவின் எழுத்தருக்கு உரியது. ரோமில் வாழ்ந்த ஹிப்போலித்து 3ஆம் நூற்றாண்டில் எதிர்த்து எழுதிய நூல் ஒன்றில், ஜஸ்டின் என்ற ஞானவாதியின் கதையில் பாருக்கு தேவதூதராகவே வருகிறார். இந்த இரண்டுக்கும் நாவலுக்கும் தொடர்பு உண்டா என்பது அடுத்த இதழுக்கான வேலை. படிக்கத் தொடங்க எரேமியா 36ஆம் அதிகாரத்தை டீச்சர் குறித்துக் கொடுத்திருக்கிறார்.